“நாங்களே விசாரிக்கிறோம்” என்று பள்ளி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்

பள்ளியிலோ பள்ளி வேனிலோ யாரோ தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக உங்கள் குழந்தை சொல்கிறது. நீங்கள் பதறிப்போய்ப் பள்ளிக்கு ஓடுகிறீர்கள். “வெளியே சொல்லாதீர்கள், நாங்களே விசாரித்து நடவடிக்கை எடுக்கிறோம்” என்கிறது நிர்வாகம். அந்தச் சொல்லுக்கு ஒரு நாள்கூடக் கட்டுப்படாதீர்கள். எனக்கு மிக வேண்டிய ஒரு குடும்பத்தில், தொடக்கப் பள்ளியில் படிக்கும் சிறுமிக்கு நேர்ந்ததை அருகிலிருந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளியின் பெயரை, ஊரைச் சொல்ல மாட்டேன். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என எதையும் வெளியிடக் கூடாது என்கிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு. அந்தத் தடை குழந்தையைக் காப்பதற்காக இருக்கிறது. பெயரைக் கேட்டு யாரும் வற்புறுத்த வேண்டாம்.

சேர்க்கையின்போது அந்தப் பள்ளி முன்னிறுத்தியதே பாதுகாப்பைத்தான். வளாகம் முழுவதும் கண்காணிப்புக் கேமரா, ஒவ்வொரு வேனிலும் கடைசிக் குழந்தை இறங்கும் வரை ஓர் ஆயா, ஆசிரியைகள் அடங்கிய குழந்தைகள் பாதுகாப்புக் குழு. எல்லாம் வண்ணக் கையேட்டில் அச்சாகியிருந்தது. இதற்கென்று ஆண்டுதோறும் தனிக் கட்டணம், தனி ரசீது. நகையை அடகு வைத்துத்தான் அந்தக் குடும்பம் அந்த ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தியது.

குழந்தை காலையில் வயிற்று வலி என்று அழத் தொடங்கினாள். வேன் சத்தம் கேட்டாலே அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஓர் இரவு, வேனில் உதவியாளாக வரும் ஆளைப் பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நடந்ததை இங்கே விவரிக்க மாட்டேன். ஆயா பாதி வழியிலேயே தன் வீட்டருகில் இறங்கிவிடுவது வழக்கம் என்பதும், அதன் பிறகு மிச்சமிருக்கும் ஓரிரு குழந்தைகள் அந்த ஆளின் பொறுப்பில் விடப்பட்டார்கள் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரியவந்தன.

தாளாளர் கனிவாகவே பேசினார். “எங்கள் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் அம்மா. போலீஸ், கோர்ட் என்று போனால் உங்கள் பெண்ணின் பெயர்தான் கெடும். எங்கள் குழு விசாரிக்கும், பொறுமையாக இருங்கள்” என்றார். ஒரு வாரத்துக்கு மேல் இந்தப் பேச்சிலேயே ஓடியது.

அந்தக் குழு செய்த விசாரணையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பதறுகிறது. வகுப்பில் இருந்த குழந்தையை, அம்மாவுக்குத் தகவல் சொல்லாமல், முதல்வர் அறைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அந்த ஆளையும் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். “இந்த அண்ணனா? நன்றாக யோசித்துச் சொல். பொய் சொன்னால் சாமி தண்டிக்கும்” என்று கேட்டிருக்கிறார்கள். குழந்தை வாயே திறக்கவில்லை. “மாணவி புகாரை உறுதிப்படுத்தவில்லை” என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். பெரியவர்கள் நான்கு பேர் சூழ்ந்து நிற்க, தன்னைத் துன்புறுத்தியவன் எதிரிலேயே நிற்க, அந்த வயதுக் குழந்தை வேறு என்ன செய்யும்?

காவல்துறைக்கே சட்டம் இந்த உரிமையைத் தரவில்லை. போக்சோவின் 24-ஆவது பிரிவின்படி, குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். கூடுமானவரை, உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும். அவர் சீருடையில் வரக் கூடாது. விசாரணையின்போது குற்றம் சாட்டப்பட்டவர் எந்த வகையிலும் குழந்தையின் எதிரே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காவலர்களே இவ்வளவு கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டிருக்கும்போது, ஒரு பள்ளியின் தாளாளருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கேமரா பதிவைக் கேட்டோம். வேனுக்குள் கேமராவே கிடையாது என்றார்கள். வாசலில் வேன் வந்து நின்ற நேரத்தின் பதிவையாவது கொடுங்கள் என்றதற்கு, அழிந்துவிட்டது என்று பதில் வந்தது. இதைக் கவனியுங்கள். இத்தகைய கருவிகளில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மீது புதியது பதிவாகிவிடும். “பொறுமையாக இருங்கள்” என்று நம்மை நிறுத்திவைக்கும் ஒவ்வொரு நாளும் ஆதாரம் அழியும் நாள்.

அந்த ஆளை வேலைக்கு எடுக்கும்போது காவல்துறைச் சரிபார்ப்பு செய்தீர்களா என்று கேட்டோம். “அவர் எங்கள் ஊழியர் இல்லை, வேன் ஒப்பந்தக்காரரின் ஆள்” என்று கைகழுவினார்கள். இந்தப் பதில் செல்லாது. 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், குழந்தைகளோடு தொடர்பில் வரும் ஊழியர் ஒவ்வொருவரையும், நிரந்தரமோ ஒப்பந்தமோ, ஆசிரியரோ அல்லாதவரோ, குறிப்பிட்ட கால இடைவெளியில் சரிபார்க்கும் பொறுப்பைப் பள்ளியின் மீதுதான் வைத்திருக்கின்றன. பாதுகாப்புக் குழு என்று பலகையில் எழுதியிருந்த பெயர்களில் ஓர் ஆசிரியை எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். இன்னொருவருக்குத் தன் பெயர் அதில் இருப்பதே தெரியவில்லை. இதற்குத்தான் தனி ரசீது போட்டு எங்களிடம் பணம் வாங்கினார்கள்.

கடைசியில் குழந்தையின் அம்மா 1098-ஐ அழைத்தார். குழந்தைகளுக்கான உதவி எண் அது. கட்டணமில்லை, இரவு பகல் எப்போதும் அழைக்கலாம். அதன் பிறகுதான் காரியம் நகர்ந்தது. அனைத்து மகளிர் காவல் நிலையத்திலிருந்து சாதாரண உடையில் ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தார். பள்ளியில் ஊமையாக நின்ற அதே குழந்தை, அம்மாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முதல் தகவல் அறிக்கை பதிவானது. அதன் நகலை இலவசமாகக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் தர வேண்டும்.

பள்ளிக்கு இதில் விருப்பத் தேர்வு எதுவும் இல்லை என்பதை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். போக்சோவின் 19-ஆவது பிரிவின்படி, இப்படி ஒரு குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது வழக்குப் போட முடியாது. தன் கட்டுப்பாட்டில் உள்ளவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 21-ஆவது பிரிவு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. இதையெல்லாம் எழுதி, பள்ளி அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை கேட்ட அன்றே தாளாளரின் கனிவு போய்விட்டது.

அடுத்து மாற்றுச் சான்றிதழில் கை வைத்தார்கள். புகாரைத் திரும்பப் பெற்றால்தான் டி.சி. என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். அதற்கும் பயப்படாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், கேட்டவுடன் சான்றிதழைத் தரச் சொல்கிறது. அது தாமதமாவதைக் காரணம் காட்டி அடுத்த பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்றும் சொல்கிறது. குழந்தை இப்போது வேறு பள்ளியில் படிக்கிறாள். வழக்கு நடக்கிறது. வாங்கிய பாதுகாப்புக் கட்டணம் இன்று வரை திரும்பி வரவில்லை.

சேர்க்கைக்குப் போகிறவர்கள் கையேட்டைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வேன் ஓட்டுநர், உதவியாளர், ஆயா, காவலாளி ஆகியோரின் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் நிறுத்தம் வரை ஆயா வருகிறாரா என்று ஓரிரு மாலை நீங்களே நின்று பாருங்கள். கேமரா பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் புகார் சொல்லலாம். ஆனால் குழந்தை வாய் திறந்து சொன்ன அன்று முதல் அழைப்பு 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ போகட்டும். பள்ளியோடு பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.