போர்ட்டிக்சனா, பத்து பெரிங்கியா?

பள்ளி விடுமுறை நெருங்கினாலே எங்கள் வீட்டில் இந்தப் பேச்சுதான்: கடலுக்கு நெகிரி செம்பிலானில் இருக்கும் போர்ட்டிக்சனுக்குப் போவதா, பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போவதா? கோலாலம்பூரில் செந்தூலில் இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு அம்மா. இந்த வருடம் இரண்டு ஊருக்குமே போய் வந்துவிட்டதால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடலில் இறங்கி விளையாட வேண்டும், கையில் இரண்டு இரவுதான் இருக்கிறது என்றால் போர்ட்டிக்சனுக்குப் போங்கள். பினாங்குக்குக் கடலுக்காகப் போகாதீர்கள், பினாங்குக்காகவே போங்கள்.

காரணம் தூரம்தான். போர்ட்டிக்சன் கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர், சிரம்பான் வழியாகப் போனால் நெரிசல் இல்லாத நாளில் ஒன்றரை மணி நேரம். காலையில் வீட்டிலேயே பசியாறிவிட்டுக் கிளம்பினோம், பத்தரைக்கெல்லாம் பிள்ளைகள் தண்ணீரில் நின்றார்கள். பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். வழியில் நின்று நின்று போய்ப் பினாங்குப் பாலத்தைத் தொடும்போதே மதியம் தாண்டிவிட்டது, அப்புறம் ஜார்ஜ்டவுன் நெரிசல், அதையும் கடந்தால் தஞ்சோங் பூங்கா என்ற ஊருக்கு அப்பால் கடலோரமாக வளைந்து வளைந்து போகும் சாலை. அந்த வளைவுகளில் அம்மாவுக்குத் தலைசுற்றி, ஓரமாக வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

இனி கடல். இரண்டுமே மலாக்கா நீரிணைதான், படங்களில் வரும் நீலத் தண்ணீரை இரண்டு இடத்திலும் எதிர்பார்க்க வேண்டாம். போர்ட்டிக்சனில் தெலுக் கெமாங் கரையில் தண்ணீர் ஆழமில்லாமல் நீண்டு போகிறது, சின்னப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பக்கத்திலேயே நிற்கலாம். ஆனால் கடல் வற்றும் நேரத்தில் போனால் சேறும் கல்லும்தான் மிஞ்சும். முதல் நாள் மாலை எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. மறுநாள் நீர் ஏறும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போனோம், அதே கரைதானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மாறியிருந்தது. பத்து பெரிங்கியில் மணல் அகலம், மாலை வெயிலில் மிக அழகு, உட்கார்ந்து பார்க்க அதைவிட நல்ல கரை வேண்டாம். ஆனால் அங்கே ஜெல்லிமீன் உண்டு, கரையோரமாக ஜெட் ஸ்கீ வேறு ஓடிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் இறங்க நான் விடவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே விடுதியின் நீச்சல் குளத்தில் குளித்தார்கள்.

போர்ட்டிக்சனில் பலர் தவறவிடுவது தஞ்சோங் துவான். நெகிரி செம்பிலானுக்குள் இருந்தாலும் அந்தக் காட்டுமுனை மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். உச்சியில் இருக்கும் கலங்கரை விளக்கம் 1863இல் கட்டியது, அங்கே முதலில் விளக்கு வைத்தவர்கள் போர்த்துகீசியர்கள். ஏற்றமான தார்ச் சாலை, அம்மா கீழேயே இருந்துவிட்டார், நாங்கள் மெதுவாக ஏறினோம். மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து தேன் பருந்துகள் நீரிணையைக் கடந்து வடக்கே போகும் வழி இது. நிலத்தின் மேல் எழும் சூடான காற்றில் சிறகசைக்காமல் மிதந்து பழகிய பறவைகளுக்குக் கடலின் மேல் அந்தக் காற்று கிடைக்காது, சிறகடித்தே வர வேண்டும். அதனால் களைத்துப் போய் இந்த முனைக்கு மேலே தாழ்வாக வந்து சேர்கின்றன. நாங்கள் போனது ஜூனில், ஒன்றுகூட இல்லை, பிள்ளைகளுக்கு அது பெரிய வருத்தம்.

தங்கியதில் ஒரு கசப்பு. போர்ட்டிக்சனில் இணையத்தில் பிடித்த வாடகை அப்பார்ட்மெண்டில் ஏர்கான் ஒழுகி மெத்தையே நனைந்துவிட்டது. முன்பணத்தைத் திரும்ப வாங்க மூன்று வாரம் ஆயிற்று. சாவி வாங்கும்போதே அறையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் போட்டியே இல்லை, பினாங்குதான். போர்ட்டிக்சனில் சுட்ட மீன் நன்றாக இருந்தது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஜார்ஜ்டவுனில் காலையில் லிட்டில் இந்தியாவில் தோசை, மதியம் நாசி கண்டார், மாலையில் பசெம்பூர், அதாவது காயும் பொரித்த வடைகளும் நறுக்கிப் போட்டுக் குழம்பு ஊற்றித் தரும் கலவை. தமிழ் முஸ்லிம்கள் காவடிபோலத் தோளில் தண்டு வைத்துச் சோறும் குழம்பும் சுமந்து விற்ற சாப்பாடுதான் நாசி கண்டார், அதை அந்த ஊரிலேயே உட்கார்ந்து சாப்பிடும்போது அம்மா தன் தாத்தா துறைமுகத்தில் வேலை செய்த கதையை எடுத்தார், பிள்ளைகள் தட்டில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலில் அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்மலை முருகனுக்குப் படியேற முடியவில்லை, கீழிருந்தே கும்பிட்டார். இதெல்லாம் பத்து பெரிங்கியில் இல்லை, அங்கிருந்து வண்டி எடுத்துப் போய்ப் பார்த்தது. தினமும் இரண்டு முறை அந்த வளைவுச் சாலை. அதனால்தான் சொல்கிறேன், பினாங்கு போனால் ஜார்ஜ்டவுனில் தங்கிவிட்டு, ஒரு மாலை மட்டும் பத்து பெரிங்கிக்குப் போய் அந்தி பார்த்து, இரவுச் சந்தையில் சுற்றிவிட்டுத் திரும்புங்கள். நடக்கக்கூடியவர்கள் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில் ஆமைகள் முட்டையிடும் பந்தாய் கெராச்சூட் வரை போகலாம், திரும்பப் படகு கிடைக்கும்.

அடுத்த மார்ச்சில், பருந்துகள் வரும் நேரமாகப் பார்த்து, இரண்டு இரவு போர்ட்டிக்சன், இந்த முறை தரைத்தள அறையாகப் பார்த்துச் சொல்லியாயிற்று, பெரியவன் இப்போதே தொலைநோக்கி கேட்கிறான். ஆண்டுக் கடைசியில் பினாங்கு, ஐந்து நாள், கார் இல்லாமல் பட்டர்வொர்த் வரை ரயில், அங்கிருந்து ஃபெரி. அம்மாவுக்கு ஃபெரியில் போய் இறங்க வேண்டுமாம்.