செம்பு நிறம் இருந்தால் போதும் என்று காப்பர் பிளேட்டிங்கை வாங்கிவிடாதீர்கள்

கியர், பினியன், ஷாஃப்ட் செய்து கேஸ் ஹார்டனிங்குக்கு (உலையில் கார்பன் ஏற்றி மேல்தோலை மட்டும் கடினமாக்கும் வேலைக்கு) அனுப்பும் சின்னப் பட்டறைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். இரும்பின் மேல் செம்பு நிறத்தை மட்டும் ஏற்றிவிட்டு, '25 மைக்ரான் காப்பர் பிளேட்டிங்' என்று பில் போடும் ஆட்கள் கோவையில் இருக்கிறார்கள். எங்களுக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். கடைப் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு முழுக்க அந்த ஆளைப் பற்றியே போய்விடும், வேலையில் நடக்கிற தில்லுமுல்லு யாருக்கும் தெரியாமலே நின்றுவிடும்.

வேலை இதுதான். 20எம்என்சிஆர்5 ஸ்டீலில் பினியன் ஷாஃப்ட். பல் பகுதி 0.9 மி.மீ. ஆழத்துக்குக் கடினமாக வேண்டும். முனையில் நட் ஏறும் மரை மட்டும் மெத்தென்று இருக்க வேண்டும். மரையிலும் கார்பன் ஏறிவிட்டால் அது கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதனால் மரைப் பகுதியில் செம்பு முலாம் பூசி, பிறகு 920, 930 டிகிரி உலைக்கு அனுப்புவார்கள். செம்பில் கார்பன் கரையாது என்று சொல்லும் அளவுக்குத்தான் கரையும். 1085 டிகிரிக்கு முன்னால் செம்பு உருகவும் செய்யாது. ஓட்டையில்லாமல், 25 மைக்ரானுக்குக் குறையாமல், இரும்பைப் பிடித்துக்கொண்டு இருந்தால் அடியில் உள்ள மரைக்கு ஒன்றும் ஆகாது. பல காலமாக எல்லோரும் செய்துவரும் முறைதான், புதுசு ஒன்றும் இல்லை.

வழக்கமாகப் பிளேட்டிங் செய்து தருபவரிடம் தொட்டி பராமரிப்பு நடந்துகொண்டிருந்ததால் இந்தப் புதுக் கடைக்குக் கொடுத்தோம். ரேட்டும் கொஞ்சம் குறைவு. காலையில் கொடுத்த சரக்கு மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பி வந்தது. பளபளவென்று ரோஜா நிறம், கூடவே தடிமன் ரிப்போர்ட் ஒன்று. சரக்கு உலைக்குப் போனது, வந்தது, கிரைண்டிங் முடிந்து கஸ்டமருக்குப் போனது. அங்கே அசெம்பிளியில் நட்டை டார்க் ரெஞ்சில் இறுக்கும்போது மரை முனை பட்டென்று ஒடிந்தது. ஒன்று இரண்டு என்றால் பரவாயில்லை. லாட்டில் பாதிக்கு மேல் அதே கதை.

முதலில் பழி விழுந்தது ஹீட் ட்ரீட்மென்ட்காரர் மேல். அவர் கோபப்படாமல் உலை சார்ட்டை எடுத்து வைத்தார், அதில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு முனையை அறுத்து கடினத்தை அளக்கும் ராக்வெல் மிஷினில் வைத்துப் பார்த்தோம். மரையின் மேல்தோல் 59 எச்ஆர்சி! ஏறக்குறைய பல்லுக்குச் சமம். ஒடிந்த இடத்தில் விளிம்பைச் சுற்றி சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு வளையம், நடுவே மட்டும் இழுபட்ட இரும்பு. கார்பன் தடையே இல்லாமல் உள்ளே போயிருக்கிறது.

நல்ல வேளையாக, உலைக்குப் போகாத சில பீஸ்கள் அதே லாட்டில் மிச்சம் இருந்தன. மரையின் மேல் தடிமன் மீட்டரின் புரோப் சரியாக உட்காராது என்பதால், பக்கத்தில் உருளையாக இருக்கும் பகுதியில் வைத்துப் பார்த்தோம். சில இடத்தில் 2, சில இடத்தில் 1, சில இடத்தில் மீட்டர் பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை. எங்கள் பையன் பனியன் துணியால் அழுத்தித் தேய்த்தான். துணியில் செம்புப் பொடி வந்தது, கீழே இரும்பு எட்டிப் பார்த்தது.

என்ன செய்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. மயில்துத்தக் கரைசலில் இரும்பாணியைப் போட்டால் ஆணி செம்பாக மாறுவது போலத் தெரியும், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். கரண்டே வேண்டாம். இரும்பு கரைந்து போக, அந்த இடத்தில் செம்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. இரும்பு முழுக்க மூடப்பட்டதும் செம்பு வளர்வது அநேகமாக நின்றுவிடும், பிடிப்பும் இருக்காது. இரும்பை நேராக ஆசிட் காப்பர் தொட்டியில் இறக்கினாலும் இதே கூத்துதான் முதலில் நடக்கும். அதனால்தான் முறையாகச் செய்பவர்கள் எண்ணெய் போகக் கழுவி, ஆசிட்டில் துரு எடுத்து, சயனைடு காப்பரில் மெல்லிசாக ஒரு ஸ்ட்ரைக் (அடிப்பூச்சு) கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் ஆசிட் தொட்டியில் தடிமன் ஏற்றுவார்கள். சயனைடு வேண்டாம் என்பவர்கள் நிக்கல் ஸ்ட்ரைக் கொடுக்கலாம், சயனைடு இல்லாத அல்கலைன் காப்பரும் இருக்கிறது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சயனைடு தொட்டி வைத்தால் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி என்று ஆயிரம் வேலை இருக்கிறது, அதுவும் தெரியும். ஆனால் ஸ்ட்ரைக்கும் இல்லை, தொட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் ரெக்டிஃபயரும் ஓடவில்லை, காசு மட்டும் 25 மைக்ரானுக்கு என்றால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

போன் போட்டோம். "இருவத்தஞ்சுக்கு மேலயே ஏறியிருக்குங்ணா, ரிப்போர்ட் குடுத்தனே, பாக்கலீங்களா?" என்றார். அந்த ரிப்போர்ட்டை எடுத்து மறுபடி பார்த்தோம். பத்துப் பீஸ், ஒவ்வொன்றிலும் மூன்று இடம், எல்லாமே 28 மைக்ரான். தொட்டி வேலை தெரிந்த யாரும் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். கரண்ட் விளிம்புக்கும் மேட்டுக்கும்தான் அதிகம் ஓடும். மரையின் உச்சியில் தடிமனாகவும் பள்ளத்தில் மெல்லிசாகவும்தான் செம்பு விழும். ஒரே பீஸில் 24ம் 35ம் வந்தால் நம்பலாம். எங்கே தொட்டாலும் 28 என்றால் மீட்டரை எடுக்காமல் பேனாவை எடுத்திருக்கிறார்கள்.

நேரக் கணக்கும் உதைக்கிறது. ஆசிட் காப்பரில் சதுர டெசிமீட்டருக்கு 1 ஆம்பியர் விட்டால் மணிக்குச் சுமார் 13 மைக்ரான் ஏறும். 2 ஆம்பியர் விட்டால் 26. அதாவது 25 மைக்ரானுக்குத் தொட்டிக்குள் மட்டுமே ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதுபோக செம்பு ஏறக் கூடாத இடங்களை மறைக்க லாக்கர் அடித்துக் காயவைப்பது, கழுவுவது, ஸ்ட்ரைக், லாக்கரை உரிப்பது. எங்கள் சரக்கின் எண்ணிக்கைக்கு அவர் தொட்டியில் பல நடை போட வேண்டும். அரை நாளில் திரும்பி வர வாய்ப்பே இல்லை.

புதுக் கடைக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் அதே ஸ்டீலில் 5 செ.மீ.க்கு 10 செ.மீ. தகடு ஒன்றை வெட்டி, நகைத் தராசில் எடை போட்டு, சரக்கோடு சேர்த்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒரு சதுர டெசிமீட்டர். 25 மைக்ரான் செம்பு ஏறினால் எடை சுமார் 2.2 கிராம் கூடும். தகடு தொங்கும் இடத்தைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அரை கிராம்கூட கூடவில்லை என்றால் சரக்கை உலைக்கு அனுப்பாதீர்கள். தகட்டின் ஓரத்தில் அரத்தை வைத்து இரும்புப் பக்கமிருந்து செம்புப் பக்கமாக ராவினால் பிடிப்பும் தெரிந்துவிடும். உரிந்து வந்தால் கதை முடிந்தது. ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் உப்பும் கரைத்த தண்ணீரில் வடிகட்டித் தாளை நனைத்து ஒட்டி வைத்தால், இரும்பு வெளியே தெரியும் இடத்தில் நீலப் புள்ளி விழும். எங்கள் மிச்சப் பீஸில் ஒட்டிய தாள் புள்ளி புள்ளியாக இல்லை, முக்கால்வாசி நீலமாகவே வந்தது.

காசு விஷயம் இன்னும் மோசம். பில்லின் அடியில் பொடி எழுத்தில், பழுது வந்தால் பிளேட்டிங் கூலி மட்டுமே திருப்பித் தரப்படும் என்று ஒரு வரி. கூலி பீஸுக்குச் சில ரூபாய். ஸ்டீல், கடைசல், பல் வெட்டு, உலை, கிரைண்டிங் எல்லாம் சேர்ந்த விலைக்கு அது எந்த மூலைக்கு? "ஃப்ரீயா மறுபடி பிளேட்டிங் போட்டுத் தர்றேங்ணா" என்று ஒரு சமாதானம் வேறு. கார்பன் ஏறி இறுகிப்போன மரைக்கு மேல் பிளேட்டிங் போட்டு என்ன செய்வது? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டோம். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்பதால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் கிளப்பும், சிவில் வழக்குதான் வழி என்றார். ஒடியாத பீஸ்களில் மரையை மட்டும் இண்டக்ஷனில் சூடாக்கி, கடினம் குறைய டெம்பர் செய்து கொஞ்சத்தைக் காப்பாற்றினோம், கஸ்டமர் ஒப்புக்கொண்டதால். மற்றதெல்லாம் பழைய இரும்பு விலைக்குப் போனது.

இப்போது இந்த ஷாஃப்டுக்குப் பிளேட்டிங்கே இல்லை. மரைப் பகுதியில் பக்கத்துக்கு 1.5 மி.மீ. கூடுதலாக விட்டு, கார்புரைஸ் செய்து (கார்பன் ஏற்றி) மெதுவாக ஆறவிட்டு, அந்தத் தோலைக் கடைந்தெடுத்து மரை போட்டு, அதன் பிறகு ஹார்டனிங். லேத் வேலை கூடுகிறது, ஆனால் எல்லாம் எங்கள் கண் முன்னால் நடக்கிறது. பிளேட்டிங் தேவைப்படும் மற்ற பார்ட்டுகள் பழைய ஆளிடமே போகின்றன. குறைந்தபட்சத் தடிமன், எங்கே அளப்பது, சோதனைத் தகடு, பழுது வந்தால் எதுவரை பொறுப்பு எல்லாவற்றையும் பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) எழுதியே கொடுக்கிறோம்.

அந்தக் கடைக்குத் தர வேண்டிய பாக்கியை நிறுத்தி வைத்து, டெபிட் நோட் அனுப்பியிருக்கிறோம். இன்றுவரை பதில் இல்லை.