மேக்கில் மவுஸ் சக்கரம் சொன்னபடி கேட்க: லீனியர்மவுஸ் செயலி

டிராக்பேடையும் சக்கரம் வைத்த மவுஸையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் மேக் பயனர்களுக்கு ஒரு தொல்லை பழகிப்போயிருக்கும். 2011-ல் மேக்கின் லயன் பதிப்போடு வந்த ‘நேச்சுரல் ஸ்க்ரோலிங்’ (விரல் நகரும் திசையிலேயே பக்கமும் நகர்வது) என்ற தேர்வு, அமைப்புகளில் டிராக்பேட் பக்கத்திலும் மவுஸ் பக்கத்திலும் தனித்தனியாகத் தெரிகிறது. உள்ளே இரண்டும் ஒன்றுதான். சக்கரத்துக்குப் பழைய திசையே வேண்டுமென்று மவுஸுக்கு அணைத்தால் டிராக்பேடுக்கும் அணைந்துவிடும்.

திசையை மட்டும் பிரிக்க வேண்டுமென்றால் ஸ்க்ரோல் ரிவர்சர் என்ற இலவசச் செயலியே போதும். லீனியர்மவுஸும் இலவசம்தான், ஓப்பன் சோர்ஸ். அதைப் பரிந்துரைக்கக் காரணம், திசையோடு சக்கரத்தின் முடுக்கத்தையும் அது கட்டுக்குள் கொண்டுவருகிறது என்பதே.

சக்கரம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதைப் பார்த்துத்தான் பக்கம் நகரும் தூரத்தை மேக்ஓஎஸ் தீர்மானிக்கிறது. மெதுவாக ஒரு சொடுக்குத் திருப்பினால் பக்கம் அசைந்ததே தெரியாது. வேகமாக நான்கைந்து சொடுக்குத் திருப்பினால் படித்துக்கொண்டிருந்த வரி எங்கோ போய்விடும். விரல் வழுக்கிச் செல்லும் டிராக்பேடுக்கு இந்த ஏற்பாடு அருமை. சொடுக்குச் சொடுக்காகத் திரும்பும் சக்கரத்துக்கு இது பொருந்தவே இல்லை.

செயலியை முதன்முறை திறக்கும்போது ‘அக்ஸசிபிலிட்டி’ அனுமதி, அதாவது மவுஸின் அசைவுகளைக் கவனித்து மாற்றும் அனுமதி, கேட்கும். அது இல்லாமல் எதுவும் நடக்காது. பிறகு சாளரத்தின் மேற்பகுதியில் சாதனமாக மவுஸைத் தேர்ந்தெடுங்கள். இதைக் கவனிக்காமல் டிராக்பேடின் அமைப்பை மாற்றிவிட்டுக் குழம்புவது எளிது. மேக்கின் நேச்சுரல் ஸ்க்ரோலிங்கை இயக்கத்திலேயே விட்டு, இங்கே மவுஸுக்கு மட்டும் ‘ரிவர்ஸ் ஸ்க்ரோலிங்’கை இயக்குங்கள். அடுத்து ஸ்க்ரோலிங் முறையை ‘பை லைன்ஸ்’ என்று மாற்றி 3 வரி வையுங்கள். விண்டோஸின் இயல்பு அளவும் 3 தான் என்பதால் அங்கிருந்து வருபவர்களுக்குக் கை உடனே பழகும். கணக்குத் தாள்களில் வேலை அதிகமென்றால் 1, நீண்ட ஆவணங்களுக்கு 5 வைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் நகர்த்த ஷிப்ட் விசையோடு சக்கரத்தைத் திருப்பும் வசதி மேக்கிலேயே உண்டு.

குறையென்றால், வரிக்கணக்கில் நகரும்போது பக்கம் வழுக்கிச் செல்லாது, தாவும். அது கண்ணை உறுத்துகிறவர்களுக்கு மாஸ் என்ற இலவசச் செயலி பொருத்தம்; அதன் வேலையே நகர்வை மென்மையாக்குவது. ஆனால் இரண்டையும் சேர்த்து ஓடவிட வேண்டாம். இரண்டிலும் திசைமாற்றம் இயங்கினால் ஒன்று திருப்பியதை மற்றொன்று மறுபடி திருப்பி, பழைய திசையே மிஞ்சும். மவுஸ் நிறுவனத்தின் சொந்த மென்பொருள் கணினியில் இருந்தாலும் இதே சிக்கல் வரும். முதலில் அதில் திசை அமைப்பைப் பாருங்கள்.

செயலியைப் புதுப்பித்த பின் சில சமயம் அனுமதி இயங்குவதாகக் காட்டும், ஆனால் சக்கரம் பழையபடி ஓடும். மேக்கின் தனியுரிமை அமைப்புகளில் உள்ள அக்ஸசிபிலிட்டி பட்டியலில் லீனியர்மவுஸைக் கழித்தல் குறி அழுத்தி நீக்கிவிட்டு, திரும்பச் சேர்த்துச் செயலியை மறுபடி திறந்தால் சரியாகிவிடும். வெறுமனே அணைத்து இயக்குவது பல நேரம் போதாது.

கீழே உருட்டும்போது பக்கம் இடையிடையே மேலே துள்ளுகிறதா? மவுஸை வேறொரு கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் துள்ளினால் சக்கரத்தின் சுழற்சியை உணரும் பாகமான என்கோடரில் தூசி சேர்ந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். சக்கரத்தின் இடுக்கில் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். தேய்மானமென்றால் என்கோடரை மாற்றுவது ஒன்றே வழி, இந்தச் செயலியால் அதற்கு எதுவும் செய்ய முடியாது.