மவுஸ் அம்பு மறைந்தால் லாரன்ஸ் ரோடு மாடிக் கடை

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில், பூக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சின்ன லேப்டாப் சர்வீஸ் கடை. போர்டு சட்டென்று கண்ணில் படாது.

லேப்டாப்பை மூடித் திறந்தால் மவுஸ் அம்பு காணாமல் போகும், அதுதான் என் தொல்லை. வேறொரு கடையில் டச்பேடையே மாற்றணும், 2,500 ரூபாய் ஆகும் என்றார்கள். இங்கே இருந்த அண்ணன் ஸ்குரூ டிரைவரைத் தொடவே இல்லை. யூஎஸ்பி மவுஸ் ஒன்றைச் செருகிப் பார்த்தார். அதிலும் அம்பு வரவில்லை. "அப்ப டச்பேடு மேல பழி போடாதீங்க சார்" என்றார். கீபோர்டில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினார். திரை ஒரு நொடி கறுத்து, பீப் என்றது, அம்பு வந்து நின்றது. திரையில் படம் காட்ட உதவும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரை மறுபடி தொடங்க வைக்கும் விசைகளாம். அப்புறம் டிவைஸ் மேனேஜருக்குப் போய் அந்த டிரைவரைப் பழைய பதிப்புக்கு மாற்றினார். டைப் செய்யும்போது அம்பை மறைக்கும் டிக்கையும் மவுஸ் செட்டிங்கில் எடுத்துவிட்டார். இப்போது கன்ட்ரோல் விசையைத் தட்டினால் அம்பைச் சுற்றி வளையம் வருகிறது, என் கண்ணுக்கு அது ரொம்ப உதவி.

வாங்கியது 200 ரூபாய். பில் கேட்டால்தான் தருகிறார். வண்டி நிறுத்த இடமில்லை, சாயங்காலம் போகாதீர்கள்.