வான்கோழிக்கு ஊசி போடும் இன்ஜெக்டர்: பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி சொல்லும் பண்டிகை நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை வரும். அன்று ஹூஸ்டனில் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்களும் நண்பர்களும் கூடுவார்கள், மேசை நடுவில் முழு வான்கோழி இருக்கும். முதல் துண்டை வாயில் வைத்ததும் நம்மவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: "மேலே நல்லா இருக்கு, உள்ளே ஒண்ணுமே இறங்கலையே." மாரினேட் இன்ஜெக்டரை, அதாவது ஊறவைக்கும் திரவத்தைக் கறிக்குள் ஏற்றும் பெரிய ஊசிக் கருவியை, நான் வாங்கியது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். பல வருடங்களாக தேங்க்ஸ்கிவிங்குக்கும், அவ்வப்போது கிறிஸ்துமஸுக்கும் அதைப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்பேன். ஆனால் அதற்குள் மசாலாவைக் கரைத்து ஊற்ற நினைத்து வாங்காதீர்கள். அது நன்றாகச் செய்யும் வேலை, உப்புத் தண்ணீரைக் கறியின் நடுவில் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

வான்கோழியின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. தொடையில் கொழுப்பும் சவ்வும் இருப்பதால் கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் தாங்கும். நெஞ்சு தாங்காது, சக்கையாகிவிடும். முழுப் பறவையாக வைக்கும்போது தொடை வேகும்வரை நெஞ்சும் ஓவனுக்குள் கிடந்தாக வேண்டும். மேலே தடவிய மசாலாவோ, ராத்திரி முழுக்க ஊறினாலும் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது. கோழியைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் குழம்பில் போடும் நம் சமையலில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஐந்தாறு கிலோ பறவையில் பெரிய பிரச்சினை. உப்பு மட்டும் நேரம் கொடுத்தால் மெல்ல உள்ளே நகரும், ஊசி அந்த நேரத்தை மிச்சப்படுத்துகிறது. உப்பு சேர்ந்ததும் தசையின் புரதம் கொஞ்சம் தளர்ந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. சூடேறும்போது கறி இறுகித் தன் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளுவது குறைகிறது. உப்பில்லாத சூப்பை ஏற்றினால் அதில் பெரும்பங்கு பேக்கிங் தட்டில்தான் வந்து நிற்கும்.

எங்களுக்குப் பக்கத்து மாநிலமான லூசியானாவில் வான்கோழியை முழுதாகவே எண்ணெயில் பொரிப்பார்கள். பொரிப்பதற்கு முன் ஊசி போடுவது கேஜன் எனப்படும் அந்தப் பிரெஞ்சு வழி வந்த மக்களின் சமையலில் சாதாரணம். அங்கே ஓபலூசாஸ் ஊரைச் சேர்ந்த டோனி சாஷரீஸ் போன்ற நிறுவனங்கள் ஊசிக்கென்றே ஜாடியில் மாரினேட் விற்கின்றன. ஹூஸ்டன் கடைகளில் நவம்பர் பிறந்தாலே அவை அடுக்கடுக்காக வந்துவிடும். நேரமில்லாதவர்களுக்கு அது போதும். எனக்கு வீட்டில் காய்ச்சுவதுதான் பிடிக்கும், ஏனென்றால் உப்பின் அளவு என் கையில் இருக்கும்.

கருவியைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் என்னிடம் இருந்தது பிளாஸ்டிக். ஒரு பண்டிகைக்கு நன்றாகவே உழைத்தது. அடுத்த வருடம் எடுத்தபோது உள்ளே ரப்பர் காய்ந்து பிடிப்பு போயிருந்தது, அழுத்தினால் திரவம் பின்பக்கமாக வழிந்தது. கொஞ்ச நாளில் குழாயிலும் கீறல் விட்டது. அப்புறம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறினேன், இன்று வரை அதேதான். குழாயில் ஏறக்குறைய 60 மில்லி பிடிக்கும். உள்ளே தண்டின் நுனியில் சிலிகோன் வளையம் ஒன்று இருக்கும், அதுதான் இந்தக் கருவியின் உயிர். வாங்கும்போது கூடுதல் வளையங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பயன்படுத்தும் முன் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் தடவினால் தண்டு வழுக்கிக்கொண்டு போகும், வளையமும் சீக்கிரம் கிழியாது. ஸ்டீல் குழாயில் எனக்குள்ள ஒரே மனக்குறை, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. கண்ணாடித் திறப்பு வைத்த மாடல்களும் வருகின்றன. புதிதாக வாங்குவதாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன்.

ஊசிகள் பொதுவாக இரண்டு மூன்று வரும். நுனி சாய்வாகத் திறந்திருப்பது கெட்டியான கலவைக்கு. பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள் உள்ளது நீர்த்த திரவத்துக்கு. நான் பெரும்பாலும் துளை ஊசியைத்தான் எடுக்கிறேன். நுனி திறந்த ஊசி ஒரே இடத்தில் திரவத்தைக் கொட்டிவிடும், வெட்டும்போது அங்கே மட்டும் ஒரு குட்டை போலத் தெரியும். துளை ஊசி நாலாபக்கமும் பிரித்து அனுப்பும். ஆனால் திரவம் சுத்தமாக வடிகட்டியிருக்க வேண்டும். ஒரு மிளகுத் தூள் போதும், துளை அடைத்துக்கொள்ளும். அடைத்த பிறகு கையில் பலம் கொடுத்து அழுத்தினால் ஒரு துளையிலிருந்து மட்டும் சீறி எதிர்ச் சுவர் வரை போகும்.

என் கலவையைச் சொல்கிறேன். ஐந்தரை கிலோ, அதாவது 12 பவுண்டு பறவைக்கு 350 மில்லி திரவம். ஒரு பவுண்டுக்கு ஒரு அவுன்ஸ் என்ற கணக்கு. உப்புக் குறைந்த சிக்கன் ஸ்டாக்கில் (கோழி வேகவைத்த சாறு) தட்டிய மிளகு, நசுக்கிய பூண்டு, கொஞ்சம் தனியா, இரண்டு இணுக்கு கறிவேப்பிலை போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடுவேன். டீ வடிகட்டியில் ஒருமுறை, மெல்லிய துணியில் இன்னொரு முறை வடிகட்டி, தட்டையாக ஒரு டேபிள்ஸ்பூன் தூள் உப்பும் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் கரைத்து ஆற வைப்பேன். தூள் உப்பு ஒரு டேபிள்ஸ்பூன் ஏறக்குறைய 18 கிராம் நிற்கும். கல்லுப்பு போட்டால் எடை போட்டுத்தான் சேர்க்க வேண்டும், ஸ்பூன் கணக்கு சரிவராது. குடித்துப் பார்த்தால் கரிக்கும், கரிக்கத்தான் வேண்டும். இந்தக் கொஞ்சம் திரவம் முழுப் பறவைக்கும் உப்பு கொடுத்தாக வேண்டும். மிளகும் பூண்டும் வாசனையாக மட்டும் உள்ளே போகின்றன. காரமும் கரம் மசாலாவும் வெண்ணெயோடு குழைந்து தோலுக்கு அடியில் போகட்டும், அவற்றின் இடம் அதுதான்.

வெண்ணெய் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஜாடி மாரினேட்களிலும் வெண்ணெய் சுவை பிரபலம். உருக்கிய வெண்ணெயை மட்டும் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபிரிட்ஜிலிருந்து வந்த குளிர்ந்த கறியைத் தொட்டதும் வெண்ணெய் உறையத் தொடங்கும், சில சமயம் ஊசிக்குள்ளேயே உறையும். உள்ளே போனதும் பரவாமல் கட்டியாக நிற்கிறது, ஓவனில் உருகி வந்த வழியே வெளியேறுகிறது. கறிக்குள் ஈரம் நிற்கச் செய்வது உப்புதான். வெண்ணெய் வாசம் கட்டாயம் வேண்டுமென்றால் வெதுவெதுப்பான ஸ்டாக்கில் இரண்டு ஸ்பூன் கலந்து, கிளறிக்கொண்டே ஏற்றலாம், ஏற்றிய உடனே ஓவனில் வைத்துவிட வேண்டும்.

இன்னும் சில பொருட்களை ஊசிப் பக்கமே கொண்டுவர வேண்டாம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ அதிகமானால் ஊசி போன பாதையைச் சுற்றிக் கறி குழைந்து மாவாகிறது. பப்பாளியும் அன்னாசியும் இன்னும் மோசம். ஆட்டுக்கறி வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அந்த மாதிரிப் புரதத்தை உடைக்கும் நொதி நெஞ்சுக்கறியின் நடுவில் ராத்திரி முழுக்க வேலை செய்தால் பல்லுக்கு எதுவும் மிஞ்சாது. மஞ்சள் தூளும் சோயா சாஸும் சுவையில் கெடுதல் செய்யாது, ஆனால் வெள்ளைக் கறியில் கோடுகோடாகக் கறை விழும். விருந்தாளி முன்னால் வெட்டும்போது அது உறுத்தும்.

வேலை முதல் நாள் மாலையே முடிந்துவிட வேண்டும். அதற்குள் பறவை முழுதாக உருகியிருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் கணக்கு, 12 பவுண்டுக்கு மூன்று நாள். நெஞ்சின் நடுவில் பனி இருந்தால் ஊசி இறங்காது, பலம் கொடுத்தால் வளையும். நான் தோலை அதிகம் குத்துவதில்லை. கழுத்துப் பக்கம் தோலைத் தளர்த்தி அதற்கு அடியில் போவேன். ஒரு பக்க நெஞ்சில் மூன்று நான்கு இடம் போதும். ஒரே துளை வழியாக ஊசியை முழுதும் வெளியே எடுக்காமல் இடம், வலம், நடு என்று திசை மாற்றி, ஒவ்வொரு முறையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டே மெதுவாக அழுத்த வேண்டும். அப்போது திரவம் பாதை முழுவதும் பரவும். கறி லேசாகப் புடைக்கும், அதற்கு மேல் அழுத்தினால் திரும்பி வழியும். நெஞ்சுக்கு முக்கால் பங்கு, தொடைக்கும் காலுக்கும் மிச்சம். அப்புறம் ஒரு தட்டில் வைத்து, தோலைத் துடைத்து, மூடாமல் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்துவிடுவேன். காலைக்குள் உப்பு பரவியிருக்கும், தோலும் காய்ந்திருக்கும். தோல் மொறுமொறுப்பாக வர அப்படிக் காய்வது அவசியம்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். முழுக்கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும், ஊசி அதை உள்ளே கொண்டுபோகிறது. அதனால் திரவத்தை ஆற வைத்து, தேவையானதை மட்டும் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு அதிலிருந்துதான் இழுக்க வேண்டும். கறியைத் தொட்ட ஊசியைப் பாத்திரத்தில் விட்டால் பாத்திரமே கெட்டது. கிண்ணத்தில் மிஞ்சியது சிங்குக்குத்தான். வெந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அமெரிக்க வேளாண் துறை கோழி வகைகளுக்குச் சொல்லும் அளவு 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ். நெஞ்சின் தடித்த இடத்திலும் தொடையின் உள்பக்கத்திலும் எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். ஊசி போட்டதால் எவ்வளவு வெந்தாலும் காயாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 165-ஐத் தாண்டி ரொம்ப நேரம் விட்டால் எந்தக் கறியும் காயும். ஊசி கொடுப்பது கொஞ்சம் அவகாசம்தான். எண்ணெயில் பொரிக்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: பறவையில் பனியோ சொட்டும் ஈரமோ இருந்தால் எண்ணெய் பொங்கித் தீப்பிடிக்கும்.

கடையில் பறவை எடுக்கும்போது லேபிளைப் படியுங்கள். "8 சதவீதம் வரை கரைசல் சேர்த்தது" என்கிற மாதிரி எழுதியிருந்தால் ஆலையிலேயே உப்பு நீர் ஏற்றிவிட்டார்கள். கோஷர் (யூத உணவு முறைப்படி தயாரித்தது) என்று எழுதியிருந்தாலும் ஏற்கெனவே உப்பில் வைத்ததுதான். அவற்றுக்கு மேல் என் கலவையை ஏற்றினால் வாயில் வைக்க முடியாது. உப்பே சேர்க்காத ஸ்டாக்கை வாசனைக்காகக் கொஞ்சம் ஏற்றலாம், இல்லையென்றால் சும்மா விட்டுவிடலாம். சேர்மானம் இல்லாத பறவைக்குத்தான் இந்தக் கருவி முழுப் பலன் தரும்.

உப்புத் தண்ணீர் வாளியில் முக்கி வைக்கும் பழைய முறையையும் செய்திருக்கிறேன். கறி நன்றாகத்தான் வந்தது, ஆனால் பாதி ஃபிரிட்ஜை வாளியே பிடித்துக்கொண்டது, தோலும் நமுத்துப் போனது. வெறும் உப்பைத் தேய்த்து இரண்டு மூன்று நாள் வைக்கும் முறை தோலுக்கு மிகவும் நல்லது. பறவை முன்கூட்டியே உருகி, நாள் கைவசம் இருந்தால் எனக்கும் அதுவே விருப்பம். புதன்கிழமை சாயந்திரம்தான் கை ஒழிகிறது என்ற நிலையில் ஊசிதான் கைகொடுக்கிறது. பெரும்பாலான வருடங்கள் எங்கள் வீட்டு நிலை அதுதான்.

வேலை முடிந்ததும் ஊசியை உடனே கழற்றி, சோப்புச் சுடுநீரை உள்ளே இழுத்துப் பீய்ச்ச வேண்டும். கூட வரும் மெல்லிய பிரஷ்ஷைத் தொலைத்துவிடாதீர்கள். வளையத்தைக் கழற்றி அது உட்காரும் பள்ளத்தைத் தேய்க்காமல் விட்டால் அடுத்த வருடம் நாற்றம் அடிக்கும்.

ஓவனிலிருந்து எடுத்து அரை மணி நேரம் ஆற விட்டு வெட்டுங்கள். தட்டில் வடிந்த சாறு வழக்கத்தைவிட உப்பாக இருக்கும், கிரேவிக்கு உப்பில்லாத ஸ்டாக் சேர்த்து ருசி பார்த்தபின் முடிவு செய்யுங்கள். மிச்சக் கறி ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை அது பிரியாணியாகிறது. அரிசிக்கு மட்டும் கணக்குப் போட்டு உப்பு போடுங்கள், கறியைக் கடைசியில் தம் போடும்போது சேருங்கள்.