கட்டிக்கு சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

எம்.ஆர்.ஐ.க்குக் காசு அதிகம், அதனால் அதுதான் உசத்தி என்ற எண்ணம் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் பலருக்கும் உண்டு. அப்படியில்லை. கட்டி எந்த உறுப்பில் என்பதைப் பொறுத்துத்தான் ஸ்கேன்.

நுரையீரல் என்றால் சி.டி.தான். எக்ஸ்ரே கதிரால் சில நொடிகளில் படம் எடுத்துவிடும். மூச்சை அடக்கினால் போதும். சில மில்லிமீட்டர் முடிச்சுகூடத் தெரியும். பரிசோதனைக்காக ஊசி போட்டுச் சதை எடுக்கவும் அதே படம் வழிகாட்டும். மூளை, தண்டுவடம், மலக்குடல், கருப்பை வாய் என்றால் எம்.ஆர்.ஐ. அருமையாகப் பிரித்துக் காட்டும். எக்ஸ்ரே கதிர்வீச்சும் கிடையாது. ஆனால் பெரும்பாலும் அரை மணி நேரமாவது குழாய்க்குள் அசையாமல் படுக்க வேண்டும், சத்தமும் பலமாக இருக்கும்.

நம் பகுதிக்காரர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. மணலி, எண்ணூரில் வெல்டிங், லேத், கிரைண்டிங் வேலை பார்த்தவரா? கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் புகுந்திருந்தால் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பலமான காந்தம் அந்தத் துகளை அசைத்தால் பார்வையே போகலாம். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தாலும் சொல்ல வேண்டும். சி.டி.யில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் அதில் படம் தெளிவாகத் தெரிய அயோடின் மருந்து ஏற்றுவதாக இருந்தால் சிறுநீரகக் கோளாறு, அலர்ஜி பற்றிச் சொல்லுங்கள்.

அப்புறம், “சி.டி. எடுத்தாச்சே, இன்னொன்று எதற்கு?” என்று கோபப்பட வேண்டாம். மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கும்போது, கதிரின் அளவைப் பொதுவாக சி.டி.யை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். கட்டியின் எல்லையை வரைய எம்.ஆர்.ஐ. படத்தை அதன்மேல் பொருத்துகிறார்கள். இரண்டும் தேவை. ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனாலும் தனியார் இடத்துக்குப் போனாலும் பழைய படங்களையும் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.