முன் டயரை மட்டும் தின்னும் ஜீப்பும் சாமியார்மடம் பக்கத்து அலைன்மென்ட் கடையும்

சக்கரங்கள் நிற்கிற கோணத்தை அளந்து சரிபண்ணுகிற இந்த வீல் அலைன்மென்ட் கடைக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்று எங்கே போனது என்பதைப் பின்னால் சொல்கிறேன். தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகிற மெயின் ரோட்டில் அழகியமண்டபம் தாண்டி, சாமியார்மடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி நிற்கிற தகர ஷெட். போர்டு வெயிலில் வெளுத்துப் போய்ப் பெயரைப் படிக்க முடியாது, பக்கத்து டீக்கடையில் அலைன்மென்ட் கடை என்று கேட்டால் கை காட்டுவார்கள். கார்கள்தான் அதிகம் வரும், ஆனால் எஸ்டேட் ஜீப், பொலேரோ கேம்பர் என்று மலைப்பக்கம் ஓடுகிற வண்டிக்காரர்களும் தேடி வருகிறார்கள், அதைக் கேள்விப்பட்டுத்தான் நானும் போனேன்.

வண்டி மஹிந்திரா தார், 2020இல் புது மாடல் வருவதற்கு முந்தைய சிஆர்டிஇ டீசல் வண்டி. டயர் 235/70 ஆர் 16. தடிக்காரன்கோணம் தாண்டிக் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் பாதி ஓட்டம், நாகர்கோவில் டவுனுக்குள் மீதி. சிக்கல் இதுதான்: முன்பக்க இடது டயர் உள்பக்கம் மட்டும் மொட்டையாகிக்கொண்டே வந்தது. வெளியே நின்று பார்த்தால் பட்டன், அதாவது டயர் மேல் இருக்கிற ரப்பர்க் கட்டைகள், எல்லாம் புதிது மாதிரி நிற்கும், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால்தான் உள்ளே ரப்பருக்கு அடியில் இருக்கிற நூல் எட்டிப் பார்ப்பது தெரியும். வலது டயரும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது, ஆனால் அவ்வளவு மோசமில்லை. பின் டயர் இரண்டிலும் ஒரு குறையும் இல்லை.

இதற்கு முன் நாகர்கோவிலில் ஒரு பெரிய கடையில் காட்டினேன், பெயர் வேண்டாம். ஏசி அறை, சோபா, காபி எல்லாம் உண்டு. வண்டியை மேடையில் ஏற்றினார்கள், கேமராவை ஓட்டினார்கள், டோ, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு, அதைச் சரி பண்ணி எல்லாம் பச்சை, சரியாக இருக்கிறது என்று பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அடியில் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சில மாதத்தில் மறுபடி அதே உள்பக்கம். திரும்பப் போனால் மறுபடி பச்சை, மறுபடி பில், கூடவே "சார், முன்னாடி ரெண்டு டயரையும் மாத்திருங்க" என்று ஒரு யோசனை. டயரை மாற்றினால் தேய்மானம் நிற்குமா என்று கேட்டேன், காபி குடிக்கிறீர்களா என்றார்கள்.

சாமியார்மடம் கடையில் மெஷின் ஒன்றும் பழசு இல்லை, கேமரா வைத்து அளக்கிற அதே 3டி மெஷின்தான். அதை ஓட்டுவது நாகர்கோவில் கோணத்தில் இருக்கிற ஐடிஐயில் படித்த பையன், கடையின் மூத்த மெக்கானிக்கான மேசிரியின் தங்கை மகன். ஆனால் மேசிரி சரி என்று சொல்லாமல் பையன் கம்ப்யூட்டர் பக்கம் போவதில்லை. மேசிரிக்கு அறுபது வயது இருக்கும். நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் டயருக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, பட்டன் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்காகத் தடவினார். அப்புறம் என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். உள்ளேயிருந்து வெளியே தடவினால் வழுக்கிக்கொண்டு போகிறது, வெளியேயிருந்து உள்ளே இழுத்தால் ஒவ்வொரு பட்டன் விளிம்பும் தேங்காய்த் துருவி மாதிரி விரலில் பிடிக்கிறது. "டயரு வெளியப் பாத்து நிக்குது மக்கா, அதான் இப்பிடி" என்றார். டோ அவுட் என்பது இதுதான். முன் சக்கரம் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போகப் பார்க்கும், வண்டி நேரே இழுத்துக்கொண்டு போகும், டயர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே உருளும். டோ இன் அதிகமானால் இதெல்லாம் தலைகீழ்: வெளி விளிம்பு தேயும், உள்ளேயிருந்து வெளியே தடவும்போது கை பிடிக்கும். வீட்டிலேயே யார் வேண்டுமானாலும் தடவிப் பார்க்கலாம், நூல் வெளியே வந்த டயரில் மட்டும் கவனம், கம்பி குத்தும்.

ஆனால் டோ மட்டும் இவ்வளவு தின்னாது என்று அவரே சொன்னார். சக்கரத்தைத் தாங்குகிற கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து இடது சக்கரத்தை லேசாகத் தூக்கி, டயருக்கு அடியில் ஒரு பாரைக்கம்பியை விட்டு மேலே நெம்பினார். டொக் என்று ஒரு சத்தம். ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கிற பால் ஜாயின்ட்டில் ஆட்டம். கண்ணால் பார்க்கிற அளவுக்கு ஆடுகிறது, பையன் டார்ச் அடித்துக் காட்டினான். டயரை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் சக்கரத்தைத் திருப்புகிற டை ராட் என்டும் ஸ்டியரிங் ஜாயின்ட்டும் தேய்ந்திருப்பது தெரியும், மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டும் வீல் பேரிங்கும் தெரியும். இதற்கு ஒரு கம்ப்யூட்டரும் வேண்டாம்.

இந்த ஒரு காரியத்துக்காகத்தான் இந்த மதிப்பீட்டையே எழுதுகிறேன். முன்பக்கம் ஆட்டத்தோடு இருக்கிற வண்டியை மேடையில் ஏற்றி அளந்தால், அது நின்ற நிலையில் எப்படி நிற்கிறதோ அந்தக் கணக்கைத்தான் மெஷின் சொல்லும். அதைப் பச்சைக்குக் கொண்டு வந்துவிடலாம், பொய்யும் இல்லை. ரோட்டில் இறங்கி ஒரு பள்ளத்தில் விழுந்ததும் அந்த ஆட்டம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குச் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். நம்ம ஊர் ரோடு எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற டாரஸ் லாரிகள் ஓடி ஓடி எது ரோடு எது குழி என்று தெரியாத இடங்கள் எத்தனை. அதில் ஓடுகிற வண்டிக்கு ஆட்டம் பார்க்காமல் அலைன்மென்ட் செய்வது பில் போடுவதற்கு மட்டும்தான் உதவும்.

அடுத்தது உயரம். இந்த வண்டியில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார். நீளமான இரும்புக் கம்பி முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலையைச் செய்கிறது. வருஷக்கணக்கில் ஓடினால் அது தளர்ந்து வண்டி மூக்கு இறங்கும். இறங்கினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், இந்தச் சாய்வைத்தான் நெகட்டிவ் கேம்பர் என்பார்கள், அப்போது பாரம் முழுக்க டயரின் உள்விளிம்பில். மேசிரி சமதரையில் நிறுத்தி டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்தார், இடது பக்கம் நன்றாகவே இறங்கியிருந்தது. டோ அவுட்டும் இந்தச் சாய்வும் சேர்ந்துதான் இடது டயரின் உள்பக்கத்தை முடித்துக் கட்டியிருக்கின்றன. அந்தக் கம்பியின் ஆங்கர் போல்ட்டை முறுக்கி உயரத்தைத் தூக்கி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி உட்கார வைத்து, மறுபடி அளந்து, அப்புறம்தான் மேடை. லிப்ட் பண்ணுகிறேன் என்று இதே போல்ட்டை இஷ்டத்துக்கு முறுக்கி மூக்கைத் தூக்கி வைத்துவிட்டு அலைன்மென்ட் பார்க்காமல் சுற்றுகிற பையன்கள் உண்டு, அவர்களுக்கு டயர் எதிர்ப்பக்கம் தேயும்.

பால் ஜாயின்ட் நாகர்கோவிலிலிருந்து நானே வாங்கி வந்தேன், ஒரிஜினல் பாக்கெட்டா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினார். மேடையில் ஏற்றுவதற்கு முன் நாலு டயருக்கும் காற்றைச் சரிபார்த்தான் பையன். காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், கூடினால் நடு தேயும், அது வேறு கதை. அன்றைக்கு எனக்கு முன்னால் நின்ற ஒரு பழைய எம்எம் 540 ஜீப்புக்குக் கேம்பரே தொடவில்லை. அதில் முன்னாலும் ஒரே நீளக் கட்டை ஆக்சில், லீஃப் ஸ்பிரிங், டை ராடைத் திருகி டோ மட்டும்தான் வைக்க முடியும். அந்த மாதிரி வண்டிக்கும் முழு வீல் அலைன்மென்ட் என்று கூடுதலாக வாங்கும் கடைகள் உண்டு, இவர் டோ செட்டிங்குக்கு மட்டும் காசு வாங்கினார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், வேறு எந்தக் கடையிலும் யாரும் கேட்டதில்லை: "4ஹெச் போட்டு தார் ரோட்டுல ஓட்டுவியளா?" 4ஹெச் என்றால் நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி போடுகிற லீவர். எங்கள் வண்டியில் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் தோட்டத்துச் சரல் ரோட்டில் போட்ட லீவரை எடுக்காமல் அப்படியே தடிக்காரன்கோணம் வரை தார் ரோட்டில் இறங்கி வருகிற வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன், திரும்பும்போது வண்டி முட்டிக்கொண்டு நிற்கும், டயர் கிறீச்சிடும். வளைவில் முன் சக்கரம் போகிற வட்டம் பெரிசு, பின் சக்கரம் போகிற வட்டம் சின்னது. இந்த ரக வண்டிகளில் முன்னையும் பின்னையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது, 4ஹெச் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், அந்த வித்தியாசத்தை எங்கேயாவது தீர்த்தாக வேண்டும். சேற்றிலும் சரலிலும் டயர் கொஞ்சம் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும், காய்ந்த தார் ரோட்டில் ரப்பரைத் தேய்த்துத்தான் தீர்க்கும், இல்லாவிட்டால் இழுவையை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸின் செயினும் ஜாயின்ட்டும் வாங்கிக்கட்டிக்கொள்ளும்.

டயர் விஷயத்திலும் எனக்குச் செலவு மிச்சம். நூல் தெரிந்த இடது டயரைத் தூக்கிப் போடச் சொன்னார், அதில் மறுபேச்சு இல்லை. பின் டயர் இரண்டையும் முன்னால் கொண்டு வந்து, ஓடாமல் கிடந்த ஸ்டெப்னியையும் அதே கம்பெனி அதே சைஸில் வாங்கிய ஒரே ஒரு புது டயரையும் பின்னால் போட்டு, வலது முன் டயரை ஸ்டெப்னியாக வைத்துவிட்டார். முன்னும் பின்னும் தேய்மானம் வேறாக இருப்பதால் இனி 4ஹெச் சேற்றில் மட்டும் போடு என்று மறுபடி ஒரு எச்சரிக்கை. ஐந்து டயரையும் எட்டாயிரம் கிலோமீட்டருக்குள் ஒருமுறை சுற்றி மாற்றச் சொன்னார். வடகிழக்குப் பருவமழை முழுக்கக் கீரிப்பாறை ஓட்டம் ஓடியாகிவிட்டது, முன் டயர் இரண்டிலும் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே ஆழம், கை வைத்துத் தடவினால் எந்தப் பக்கமும் பிடிக்கவில்லை. ஸ்டியரிங்கும் நேராக நிற்கிறது.

சரி, குறைந்த அந்த ஒரு மார்க். முதல் குறை, செய்வதற்கு முந்தைய ரிப்போர்ட்டை நாம் கேட்டால்தான் பிரின்ட் எடுக்கிறார்கள், பின்னால் எடுத்ததை மட்டும் கொடுத்தால் என்ன மாறியது என்று எப்படித் தெரியும். மேடையில் ஏற்றும்போதே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, நைட்ரஜன். பையன் ஒவ்வொரு முறையும் நைட்ரஜன் போடவா அண்ணே என்று கேட்கிறான், சாதாரணக் காற்றிலேயே முக்கால்வாசிக்கு மேல் நைட்ரஜன்தான், வாரா வாரம் பிரஷர் பார்க்கிறவனுக்கு அது வீண் செலவு, வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் விட்டுவிடுகிறான், அது வரைக்கும் நல்லது. மூன்றாவது, உட்கார இடம் கிடையாது. பழைய லாரி டயர் ஒன்று கிடக்கும், அதில்தான் உட்கார வேண்டும், வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அலைன்மென்ட்டுக்கு 700 ரூபாய் வாங்கினார்கள், உயரம் சரி பண்ணியதற்குத் தனியாக எதுவும் இல்லை, பால் ஜாயின்ட் மாட்டுகிற கூலி தனி. ஜிபேயில் வாங்கிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார்கள், மேசிரி காலையிலேயே சர்ச்சுக்குப் போய்விடுவார். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போனால் களியக்காவிளை தாண்டி வருகிற வண்டிகளும் சேர்ந்து வரிசை நீளும், வாரநாளில் காலையில் போவது மேல். வண்டிக்குப் பின்னால் ரப்பர் ஷீட், உர மூட்டை என்று எது கிடந்தாலும் வீட்டிலேயே இறக்கிவிட்டுப் போங்கள், லோடோடு போனால் உயரம் அளக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுவார், அன்றைக்கு வந்த இன்னொருவரை அப்படித்தான் அனுப்பினார்.